மிஷின் நாள்

கிரஷரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது, தூசியை அளக்க வரும் நாளில் மட்டும் இங்கே தூசி இருக்காது என்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்திலிருந்து ஒரு ஜீப்பில் காற்றைச் சோதிக்கும் கருவி வரும். எங்கள் ஆட்கள் அந்த நாளுக்கு 'மிஷின் நாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று விடிந்ததுமே தண்ணீர் லாரி வந்து பாதையை இரண்டு நடை நனைத்துவிட்டுப் போகும். கல்லை முதலில் கடிக்கிற பெரிய கிரஷருக்கு அன்றைக்கென்று பெல்ட் கோளாறு வந்துவிடும். கருவியை ஆபீசுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில், கிரஷர் தூசி காற்றில் வந்து சேராத பக்கமாகப் பார்த்து வைப்பார்கள். வந்த ரிப்போர்ட்டைப் படித்தால் நாங்கள் ஏலகிரி மேலே உட்கார்ந்து கல் உடைக்கிறோமோ என்று சந்தேகம் வரும்.

அதற்கு முன்னால் பத்து வருடம் ஆம்பூர் பக்கம் தோல் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். குரோமியம், உப்பு, கசடு இதையே அளந்து அளந்து சலித்துப்போயிருந்தேன். வீடு வேலூரில். தினமும் ஹைவேயில் பஸ் மாறிப் போய்வர முதுகு ஒத்துழைக்கவில்லை. கணியம்பாடிப் பக்கம் ஒரு கல்குவாரியில், சொந்தக் கிரஷரும் எம்-சாண்ட் பிளாண்டும் உள்ள இடத்தில், சுற்றுச்சூழல் அலுவலர் வேண்டும் என்றார்கள். போனேன். பதவியின் பெயரைக் கேட்டு என் மாமியார்கூட கொஞ்சம் மரியாதை கொடுத்தார். வேலை என்னவோ ஃபைல் தூக்குவதுதான்.

குவாரி வேலை வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு மூர்க்கமாகத் தெரியும். உள்ளே அது கணக்கான வேலை. பாறையைப் படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும், ஒவ்வொரு படிக்கும் உயரம் உண்டு, அகலம் உண்டு. துளை போட்டு, மருந்து வைத்து, ஒரே நேரத்தில் வெடிக்காமல் கண்ணிமைக்கிற இடைவெளி விட்டு வெடிக்க வைத்தால் அதிர்ச்சி குறையும், பக்கத்து ஊர்ச் சுவர் தப்பிக்கும். அந்தக் கல் டிப்பரில் ஏறி, கிரஷரில் கடிபட்டு, சல்லடையில் பிரிந்து, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் என்று பெல்ட்டில் ஓடும். மிச்சத்தைக் கழுவினால் எம்-சாண்ட். கழுவிய சேறு தொட்டியில் தங்க வேண்டும், தெளிந்த தண்ணீர் திரும்பவும் உள்ளே போக வேண்டும். காகிதத்தில் எல்லாமே அழகாக இருக்கும்.

காகிதத்தில் இருக்கிற இன்னொன்று, பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்குக் கல் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் பூப்போலத் தெளிக்க வேண்டும் என்பது. குழாய் இருக்கிறது, முனை இருக்கிறது, நான் பார்த்தேன். ஆனால் ஈரமான தூள் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஜல்லி பிரியாது. ஆபரேட்டர் மேலே ஏறிக் கம்பியால் குத்திக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அவர் வால்வை மூடிவிடுவார். நான் போய்த் திறப்பேன். நான் ஆபீஸ் படி ஏறுவதற்குள் மூடிவிடுவார். சல்லடையைச் சுற்றி அடிக்க வேண்டிய தகரத்துக்கும் இதே கதை. பேரிங் மாற்ற வசதியில்லை என்று ஒரு நாள் கழற்றினார்கள். அது ஆட்கள் சாப்பிடும் ஷெட்டுக்குக் கூரையாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் ஒரு அம்மா. வயது நாற்பதுக்கு மேல். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற தூளை மண்வெட்டியால் அள்ளித் திரும்ப மேலே போடுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே இடம். காலையில் வந்ததும் இன்னொரு வேலையும் உண்டு. குவாரியில் துளை போடக் காற்றழுத்தம் கொடுக்கிற கம்ப்ரசரில், அது காற்றை உறிஞ்சும் வாயில் பழைய புடவைத் துணியை நனைத்துச் சுற்றிக் கட்டுவார். இல்லாவிட்டால் தூசி உள்ளே போய் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இந்த யோசனை அவருடையதேதான். ஃபில்டர் வாங்கும் செலவு பாதியானது என்று மெக்கானிக் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் புகழ்வார். அந்தப் புகழ்ச்சியில் அக்காவுக்கு ஒரு பெருமை இருந்தது.

அவருக்கு இருமல். மூன்று வருடமாக. காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் உடம்பு மஞ்சளானது, இருமல் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் வந்த புதிதில் அவர் இரண்டு கூடை அள்ளிவிட்டு மண்வெட்டிக் கம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிறது என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல் தூசி நுரையீரலில் படிகிற நோயாக இருக்கலாம், பழைய காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம் என்றார். "நான் சந்தேகம்னுதான் எழுத முடியும்மா. நஷ்டஈடுக்கு மெடிக்கல் போர்டு போகணும். இவங்க வேலை செய்யற எடத்துல தூசி எவ்ளோன்னு ரிப்போர்ட் கேப்பாங்க. அங்கீகாரம் இருக்கற லேப் ரிப்போர்ட்டா இருக்கணும்" என்றார். எங்கள் ஃபைலில் ரிப்போர்ட்டுகளுக்குக் குறைவில்லை. அத்தனையும் வேப்ப மரத்தடி ரிப்போர்ட்டுகள். அவற்றின்படி அக்காவுக்கு இந்த நோய் வர வாய்ப்பே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் பேஜார். அடுத்த மிஷின் நாளில் கருவியைப் பெல்ட்டுக்கு அடியில், அக்கா நிற்கும் இடத்தில் வைக்க வேண்டும். எல்லாக் கிரஷரும் ஓட வேண்டும். கேட்டது இவ்வளவுதான். ஓனரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பவர்.

"இன்னாத்துக்கும்மா வம்பு? இத்தினி வருஷமா மரத்தடியிலதான வைக்கிறாங்க. அவங்களே கேக்கல. நீ ஏன் கேக்குற?" என்றார்.

அவர்களே கேட்காததுதான் எனக்கு ஆத்திரம். எங்களுக்காக ஃபைல் தயாரிக்கும் கன்சல்டன்ட்டிடம் கேட்டேன். எந்த இடத்தில் வைப்பது என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன். 'பணியிடத்தில்' என்று தெளிவாக இருந்தது. ஆபீசும் பணியிடம்தானே மேடம் என்றார். நான் விளக்கம் கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வேறு பிரிவுக்கு அனுப்பச் சொன்னார்கள். அங்கே அனுப்பினேன். அவர்கள் முதல் அலுவலகத்துக்கே அனுப்பச் சொன்னார்கள். நடுவில் ஒருவர், ரொம்ப அக்கறையாக, நீங்கள் கம்பெனி ஆளா, புகார் கொடுப்பவரா, அதை முதலில் தெளிவுபடுத்துங்கள் என்றார். எனக்கே அது தெளிவாக இல்லை.

எட்டு மாதம். ஒரு மிஷின் நாள் இந்த நடுவில் வழக்கம்போல மரத்தடியில் கழிந்தது. கடைசியில் பக்கத்துக் குவாரி ஒன்றுக்குப் பணியிடத் தூசியை அளக்கவில்லை என்று நோட்டீஸ் வந்தது. அதற்கு மறுநாள் ஓனர் என்னைக் கூப்பிட்டு, "சரி, நீ கேட்ட எடத்துலயே வச்சுக்கோ. ஒரே ஒரு தடவ" என்றார். என் கடிதங்கள் செய்யாததைப் பக்கத்து வீட்டு நோட்டீஸ் செய்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் போய், "ஒரு பேப்பர் வரப்போவுதுக்கா. அத வச்சுத் திரும்ப டாக்டர்கிட்ட போலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் சரி மேடம் என்றார்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்தில் ஒரு தகரப் பெட்டி, மேலே வீட்டுக் கூரைபோல ஒரு மூடி. மூடிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக உள்ளேயிருக்கிற மோட்டார் காற்றை இழுக்கும். காற்று ஒரு வெள்ளைத் தாளைத் தாண்டிப் போகும், தூசி தாளில் தங்கும். தாளை முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை நிறுப்பார்கள். எடை எவ்வளவு கூடியதோ அவ்வளவு தூசி. இதில் ஏமாற்ற ஒன்றுமில்லை, வைக்கிற இடத்தைத் தவிர.

அன்று காலை எட்டு மணிக்கு ஆய்வகத்துக்காரர் வந்தார். நடுத்தர வயது, நல்ல வெள்ளைச் சட்டை. பெல்ட்டுக்கு அடியில் இடத்தைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். "இங்கியா மேடம்? மிஷின் பாழாயிடும்" என்றார். நான் கையில் ஓனரின் ஒப்புதலை வைத்திருந்தேன். வைத்தார். தாளைப் பொருத்தினார், சுவிட்சைப் போட்டார், மோட்டார் இரைந்தது. எல்லாக் கிரஷரும் ஓடியது. தூசி சும்மா அப்படி எழும்பியது. ஒன்பது வருடத்தில் அந்தத் தூசியைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டிருந்தால் அது நானாகத்தான் இருப்பேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஜீப்பில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டார்.

நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்க விடவில்லை. அதே ரிப்போர்ட்டோடு மரக்கன்று போட்டோவும் போக வேண்டும் என்று கன்சல்டன்ட் போன் மேல் போன் செய்தார். குவாரியைச் சுற்றிப் பசுமை வளையம் வைக்க வேண்டும் என்பது விதி. நட்டதில் பாதி ஆடு மேய்ந்துவிட்டது, மீதி வெயிலில் போய்விட்டது. இருக்கிற புங்கனையும் வேம்பையும் இடம், நேரம் பதிகிற செயலியில் படம் எடுக்க வேண்டும். போதவில்லை என்றால் அதே கன்றை நான்கு திசையிலிருந்து எடுங்கள் என்றார். வெயில் மண்டையைப் பிளக்க, ஒரு புங்கன் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து அதை நான்கு கன்றாக்கினேன். என்னைச் சொல்ல என்ன இருக்கிறது. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அதைச் செய்து முடிக்க மணி மூன்று ஆனது.

திரும்பி வந்தபோது மோட்டார் சத்தம் மாறியிருந்தது. தொண்டை அடைத்தவர் பேசுவது மாதிரி. பெல்ட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தேன். கருவியின் கூரைக்குக் கீழே, காற்று போகிற இடைவெளி முழுக்க, ஒரு பழைய பச்சைப் புடவைத் துணி இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டியிருந்தது. நன்றாக நனைத்து, நாலு பக்கமும் சுருக்கமில்லாமல் இழுத்து, பின்னால் முடிச்சு. அவிழ்த்தேன். துணி பச்சை என்று உள்பக்கம்தான் தெரிந்தது, வெளியே முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூசி அப்பியிருந்தது. உள்ளே தாளைப் பார்த்தேன். காலையில் வைத்ததுபோலவே இருந்தது.

அக்கா மண்வெட்டியோடு பின்னால் வந்து நின்றார். முகத்தில் ஒரு திருப்தி.

"யாருக்கா இத கட்டினது?" என்றேன்.

"நான்தான் மேடம். நீங்க அந்தாண்ட போனதுமே கட்டிட்டேன். நடுவுல ரெண்டு தபா தண்ணிகூட ஊத்துனேன், காஞ்சுபோவக் கூடாதுன்னு."

"எதுக்குக் கட்டினீங்க? யாரு கட்டச் சொன்னா?"

"இன்னா மேடம் கோச்சுக்கிறீங்க? காத்து இழுக்குற மிஷினாச்சே. தூசி உள்ள போனா கெட்டுப்பூடாதா? எட்டு மாசம் அலைஞ்சு கொண்டாந்தீங்க. அந்த ஆளும் பாழாயிடும்னு சொன்னாரு இல்ல?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருக்காது. பெல்ட் சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்டிருக்காது, அந்த அளவில் நல்லது. துணியை அவர் கையில் திணித்துவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். வெள்ளைச் சட்டைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்தார். மணிக்கு ஒரு முறை கருவியின் காற்றோட்டத்தைப் பார்த்து எழுத வேண்டிய தாள் அவர் மடியில் இருந்தது. மாலை ஐந்து மணி வரைக்குமான கட்டங்களை அவர் மூன்று மணிக்கே நிரப்பி வைத்திருந்தார்.

"ரத்து பண்ணிட்டு நாளைக்குத் திரும்ப வைங்க சார்" என்றேன்.

"நாளைக்கு ஆலங்காயம் சைடு போவணும் மேடம். எடை போட்டுக் கொண்டாந்த தாளு ஒண்ணுதான். வேற தாளு இல்ல."

"மூணு மணி வரைக்கும் துணி கட்டியிருந்துச்சுன்னு எழுதிக்குடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லியே மேடம்" என்று என்னிடம் படிவத்தைக் காட்டினார். உண்மைதான். வெப்பநிலைக்குக் கட்டம் இருந்தது, காற்று வீசும் திசைக்குக் கட்டம் இருந்தது. கருவிக்குப் புடவை கட்டியிருந்ததா என்பதற்கு இல்லை.

ஓனரிடம் போனேன். ஒரே ஒரு தடவை என்றுதானே பேசினோம் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. ரிப்போர்ட் வந்தது. பணியிடத் தூசி வரம்புக்குள் இருக்கிறது, அதுவும் நன்றாகவே உள்ளே. துணி இல்லாமல் ஓடிய கடைசி இரண்டு மணி நேரத் தூசியையும் நாள் முழுக்கப் பரப்பித்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். நான் நடந்ததை ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிப்போர்ட்டோடு வைத்தேன். கன்சல்டன்ட் அதை உருவிவிட்டு அனுப்பினார். இணைப்புப் பட்டியலில் இல்லாத காகிதம் போனால் மொத்த ஃபைலும் திரும்பும் என்றார். கருவி பெல்ட்டுக்கு அடியிலேயே வைக்கப்பட்டது என்பதால் இந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம், வரும் அனுமதி நீட்டிப்புக்கு ரொம்ப உதவும் என்று பாராட்டவும் செய்தார். மரத்தடி ரிப்போர்ட்டையாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் எட்டு மாதம் அலைந்து, யாரும் சந்தேகப்பட முடியாத ஒரு பொய்யைக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

ஆனாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிப்போர்ட்டையும், நான் எழுதிய பக்கத்தின் நகலையும் டாக்டர் மேஜையில் வைத்தேன். இரண்டையும் படித்தார்.

"இது உங்க கம்பெனி ரிப்போர்ட். இது தப்புன்னு சொல்றதும் நீங்கதான். போர்டுல நான் எதம்மா வைக்கிறது?" என்றார்.

கேட்டவர் என்னவோ தன்மையாகத்தான் கேட்டார். ரிப்போர்ட் இல்லாமலே போர்டுக்கு அனுப்ப முடியாதா என்றேன். இல்லையென்றால் இல்லை என்று அனுப்பலாம், இருக்கிறதை எப்படி இல்லை என்பது என்றார். அடுத்த முறை தூசியை அளந்த ரிப்போர்ட் வந்ததும் வாருங்கள், அதுவரைக்கும் தூசியில் நிற்க வேண்டாம் என்றார். தூசியில் நிற்காவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. மூச்சு இழுக்க ஒரு பம்ப் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் இல்லாதவர். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். போர்டில் பணம் வந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இட்லிக் கடை போடலாம் என்று வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

வெளியே வந்தோம். ரோட்டைக் கடந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு தப்படி நடந்ததற்கே அவருக்கு இரைத்தது.

"இன்னா மேடம், பேப்பர்ல இன்னா போட்டுருக்குது? தூசி இல்லன்னா?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். அந்தப் பெட்டி எதற்கு, தாள் எதற்கு, ஏன் அதைத் தூசியிலேயே வைத்தோம், தாள் எவ்வளவு அழுக்காகிறதோ அவ்வளவு நமக்கு நல்லது என்பது, துணியில் பிடித்ததெல்லாம் தாளில் பிடிக்க வேண்டியது என்பது. இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அப்போ அந்த மிஷினு எனக்காவ வந்துச்சா?"

"ஆமாக்கா."

"தூசி திங்கறதுக்குத்தான் வந்துச்சா?"

"ஆமா."

கிளாசைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி பேசினார். குரல் உயரவில்லை.

"ஓனருகிட்ட சொன்னீங்க. அந்த லேப்காரருகிட்ட சொன்னீங்க. எங்கெங்கியோ ஆபீசுக்கெல்லாம் லெட்டர் போட்டீங்க. நான் அது பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன் மேடம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் துணிய என் மூக்குல கட்டிக்கினு இருப்பேனே."

அலுவலகம் அலுவலகமாக விளக்கி எழுதிய எனக்கு, அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.